நடு வாசலின் இடைவெளி

மார்ச் 3, செவ்வாய்

மாத்திரைப் புட்டி மூடிக்கு இன்று ஏழாவது திருத்தம். குழந்தைகளால் திறக்க முடியக் கூடாது, பெரியவர்களால் முடிய வேண்டும். மேலாளர் மாதிரியை வீட்டுக்குக் கொண்டுபோய் மகளிடம் கொடுத்துப் பார்த்தாராம். ஐந்து வயது. நான்கு நொடியில் திறந்துவிட்டாள். அவரால் இன்றுவரை திறக்க முடியவில்லை. பிழை மூடியில் என்கிறார். பதினேழு வருடமாகக் கணினியில் மூடி வரைகிறேன், பிழை தன் கையில் என்று சொன்ன மேலாளரை இன்னும் சந்திக்கவில்லை.

மத்தியானம் அம்மா போன் செய்தாள். அவள் குடியிருக்கும் கட்டடத்தை இடிக்கப் போகிறார்களாம். மே மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும்.

"எங்கம்மா போவே?"

"அதை நீங்க மூணு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. நான் யாரையும் சொல்ல மாட்டேன். சொன்னா ரெண்டு பேருக்குக் கோவம் வரும், ஒருத்தருக்கு வயித்தக் கலக்கும்."

தனியாக வேறு வீடு பார்க்கவும் வழியில்லை. போன வருடம் படிக்கட்டில் விழுந்த பிறகு தனியாக இருக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். பதிலுக்கு அம்மா, அவருடைய எடை பார்க்கும் இயந்திரம் இரண்டு கிலோ கூடக் காட்டுகிறது என்று சொல்லிவிட்டு வந்தாள்.

மார்ச் 5, வியாழன்

எனக்கு இப்போதே வயிற்றைக் கலக்குகிறது.

மார்ச் 8, ஞாயிறு

மூன்று பேரும் போனில் கூடினோம். அக்கா பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. வீட்டிலும் மணி அடிக்காத குறைதான். தம்பி ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறான். அவன் வீட்டில் உப்பு கேட்பதற்கே தொண்டை கட்டிவிடும். நடுவில் நான், பட்டப்பெயர் மூடி. தொழிலால் வந்ததா, வாயைத் திறக்காததால் வந்ததா என்று யாரும் சொன்னதில்லை.

ஒருவரை ஒருவர் இப்படிப் புகழ்ந்து பேசி நாங்கள் கேட்டதே இல்லை.

"தம்பி வீட்டுல காத்தோட்டம் எவ்வளவு நல்லா இருக்கு!" என்றாள் அக்கா.

"அக்கா கையால சாப்பிட்டா அம்மாவுக்குத் தனித் தெம்பு," என்றான் தம்பி.

"எனக்குத்தான் வீட்டுல யாரும் இல்லையே, பகல்ல அம்மாவை யார் பாத்துப்பாங்க?" என்றேன் நான். மனைவி பிரிந்துபோய் ஆறு வருடமாகிறது. அந்தத் துக்கத்தை இவ்வளவு உபயோகமாக நான் பயன்படுத்தியதில்லை.

ஒன்றரை மணி நேரம். யாரும் 'வேண்டாம்' என்று சொல்லவில்லை. யாரும் 'என்னிடம் வரட்டும்' என்றும் சொல்லவில்லை.

கடைசியில் தம்பி சீட்டுக் குலுக்கலாம் என்றான். அக்கா சீட்டு எழுதுவதாக இருந்தால் தான் வரவில்லை என்று அவனே சொன்னான். நியாயம்தான். சின்ன வயதில், மிச்சமிருந்த ஒரு துண்டு கேக்குக்காக மூன்று சீட்டிலும் தன் பெயரையே எழுதி வைத்தவள் அக்கா. அம்மா அன்று ஒரு வார்த்தை திட்டவில்லை. மூன்று சீட்டையும் மேசைமேல் வரிசையாகப் பிரித்து வைத்தாள். துண்டுத் தாளில் தன் அலுவலகப் பாணியில் எழுதி அக்கா கையில் கொடுத்தாள்: 'குறை: சீட்டு மூன்றிலும் ஒரே பெயர். நடவடிக்கை: எச்சரித்து விடப்பட்டது.' நாலு அடி வாங்கியிருக்கலாம் என்று அக்கா இரண்டு நாள் அழுதாள்.

அம்மா எடை அளவு ஆய்வாளராக முப்பத்தொரு வருடம் இருந்தவள். தராசில் ஏமாற்றுகிறவர்களைப் பிடிப்பதே வேலை. சந்தைக்குள் அவள் கால் வைத்தால் கடைக்காரர்கள் விசில் அடித்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்களாம். எங்களுக்கு விசில் அடிக்கக்கூட ஆள் இல்லை.

நாணயம் சுண்டலாம் என்றால் தம்பி காலால் மிதித்துத் திருப்புவான். ஆக, நம்பகமான ஆள் நான் ஒருவன். பொய் சொன்னால் என் காது சிவக்கும் என்று மூவருக்கும் தெரியும்.

அப்போதுதான் வாயைக் கொடுத்தேன். "நான் ஒரு விளையாட்டுப் பலகை பண்றேன். மேலேர்ந்து பந்தைப் போட்டா, முளைகள்ல முட்டி முட்டிக் கீழே வந்து மூணு வாசல்ல ஒண்ணுல விழும். எந்த வாசலோ அந்த வீடு. யாரும் தொட வேண்டாம். கம்ப்யூட்டர்லயே போட்டுச் சரிபார்த்துடறேன்."

இருவரும் உடனே ஒத்துக்கொண்டார்கள். அம்மாவிடம் சொன்னதற்கு, "என்னை உருட்டி விடப் போறீங்க, அவ்வளவுதானே? போடுங்க," என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 10, செவ்வாய்

மதிய இடைவேளையில் ஆரம்பித்தேன். மூடி இல்லாத ஒன்றை வரைவது எவ்வளவு ஆனந்தம்!

பலகைக்கு ஒரு கரு வேண்டாமா? அம்மாவின் சந்தைதான். உச்சியில் அவளுடைய அலுவலகக் கதவு. அதன் துளை வழியாகப் பந்து இறங்கும். பந்துதான் அம்மா. முளைகள் எல்லாம் எடைக்கல் வடிவம். வரிசைக்கு ஒரு கடை: பழக்கடை, இறைச்சிக் கடை, அரிசிக் கடை, நகைக் கடை. ஒவ்வொரு கடைக்காரரும் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கிற முகம். கீழே மூன்று வாசல்கள், பிறந்த வரிசைப்படி. இடது பக்கம் அக்கா. வாசல்மேல் கால அட்டவணை. வலது பக்கம் தம்பி, வாசலே ஒலிபெருக்கி. நடுவில் நான், வளைவுக்கு ஒரு புட்டி மூடி.

உச்சியில் கைப்பையோடு அம்மா நிற்பது போல ஒரு பொம்மையும் வைத்தேன். கைப்பை தலையைவிடப் பெரிது. அளவு பிசகவில்லை, நிஜத்திலும் அப்படித்தான்.

மார்ச் 14, சனி

வரைந்து முடித்தாயிற்று. பன்னிரண்டு மில்லிமீட்டர் எஃகுக் குண்டு. மென்பொருளுக்குள்ளேயே ஆயிரம் தடவை பந்தைப் போட்டுப் பார்த்தேன். தேநீர் ஆறுவதற்குள் விடை வந்துவிட்டது.

அக்கா 193. தம்பி 196. நான் 611.

அட ராமா.

யோசித்தால் புரிகிறது. ஒவ்வொரு முளையிலும் பந்து இடமோ வலமோ போகும். எல்லா முறையும் ஒரே பக்கம் போவது அபூர்வம். கொஞ்சம் அங்கே, கொஞ்சம் இங்கே என்று நடுவுக்குத்தான் வந்து சேரும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். நடுப்பிள்ளையாகப் பிறந்ததற்கு இப்போது கணிதமும் சேர்ந்து தண்டனை தருகிறது.

இது அநியாயம். திருத்த வேண்டும். திருத்துவது என் கடமை. இதுவரை நான் யோக்கியன் என்பதைத் தேதி போட்டு எழுதி வைக்கிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

என் வாசலுக்கு மேலே காவல்காரர்கள் மாதிரி இரண்டு முளைகள். அவற்றுக்கு நடுவே பதினெட்டு மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. குறுக்கக் குறுக்க, பந்து அவற்றில் பட்டு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தெறிக்கிறது. 14.6 வைத்ததும் வந்த விடை: 334, 331, 335.

கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். இதற்குமேல் நியாயம் உலகத்தில் கிடையாது. ஃபைலைச் சேமித்துவிட்டு, தலையணையைக் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் தூங்கினேன். ஞாயிறு மத்தியானம் என்னை எழுப்ப யாரும் இல்லாத வீடு. சோபாவில் சட்டை, சட்டைமேல் தட்டு. ஆறு வருடமாக இந்தக் குப்பைக்கு நான் ராஜா.

அம்மா இங்கே வந்தால்?

மூன்றில் ஒரு பங்கு. அது அவ்வளவு சின்ன எண் இல்லை.

மார்ச் 17, செவ்வாய்

14.2 வைத்தால் என்ன ஆகும் என்று சும்மா பார்த்தேன். தொழில்முறை ஆர்வம்.

நான் 241.

13.5: நான் 130.

12.3: நான் 19. ஆயிரத்துக்குப் பத்தொன்பது! நேராக, நட்டநடுவில், யாரையும் தொடாமல் விழுந்தால்தான் உள்ளே. மற்றதெல்லாம் அக்காவுக்கும் தம்பிக்கும் சரிபாதி. இரண்டு பேருக்கும் நடுவே ஒரு துளி பாரபட்சம் இல்லை. அந்த மட்டும் நேர்மை.

கண்ணால் பார்த்தால் தெரியுமா? இல்லை. இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் யாருக்குத் தெரியும்?

14.6க்குத் திரும்பப் போகிறேன்.

மார்ச் 18, புதன்

திரும்பவில்லை.

மார்ச் 21, சனி

வரைந்ததைப் பிளாஸ்டிக்கில் அச்சடித்துத் தரும் அலுவலகப் பிரிண்டர் அறையை ஆள்பவர் எங்கள் பஞ்சு. இயந்திரச் சத்தத்துக்குக் காதில் எப்போதும் பஞ்சு வைத்திருப்பார். அதனால் அந்தப் பெயர், அதனால் அவரிடம் ரகசியம் பேசவும் முடியாது. "எதுக்குங்க இது?" என்று கத்தினார். "குடும்ப விளையாட்டு" என்று நானும் கத்தினேன். மேலாளர் எட்டிப் பார்த்து, மூடி எங்கே என்றார். அச்சாகிக் கொண்டிருந்த என் வீட்டு வாசலைக் காட்டி, அதுதான் என்றேன். வடிவம் கைகொடுத்தது.

முளைகளையும் முகங்களையும் பலகையில் சொருகி, முன்னால் கண்ணாடித் தகடு மாட்டினேன். அழகாகத்தான் வந்திருக்கிறது. நிஜக் குண்டைப் போட்டேன். டக், டக், டக், அரிசிக் கடை, நகைக் கடை, அக்கா. அடுத்தது தம்பி. அக்கா. அக்கா. தம்பி. ஐம்பது தடவை போட்டதில் எனக்கு ஒன்றுகூட இல்லை.

அம்மா வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் இரண்டு பிளாஸ்டிக் முளைகளைச் சொல்ல வைத்திருக்கிறேன்.

மார்ச் 29, ஞாயிறு

அம்மா வந்திருந்தாள். பலகையைப் பார்க்க வேண்டுமாம். "என்னை எந்தத் தெருவுல உருட்டப் போறீங்கன்னு நான் பாக்க வேண்டாமா?"

கடைக்காரர்களின் முகங்களைப் பார்த்து ரசித்தாள். இறைச்சிக் கடைக்காரரை மட்டும் அடையாளம் கண்டு, "இவன் மூக்கு இன்னும் பெருசுடா," என்றாள். தன் பொம்மையைப் பார்த்தாள். கைப்பையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. குனிந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வாசல்களைப் பார்த்தாள்.

"காது ஏண்டா சிவந்திருக்கு?"

"வெயில்மா."

"ம்."

பிறகு பால் வாங்கி வரச் சொன்னாள். பக்கத்துக் கடைப் பால் வேண்டாம், பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள கடையில்தான் வேண்டுமாம். போய்வர முக்கால் மணி நேரம். திரும்பி வந்தபோது சோபாவில் சட்டைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன, அவள் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள். பால் விஷயத்தையே மறந்துவிட்டாள். தேநீரைக் கறுப்பாகத்தான் குடித்தாள்.

"நல்லா பண்ணியிருக்கே," என்று போகும்போது சொன்னாள். எதைச் சொன்னாளோ.

ஏப்ரல் 4, சனி

இன்னும் நேரமிருக்கிறது. இரண்டு முளைகளைப் பிடுங்கி வேறு இரண்டு சொருகினால் போதும், பத்து நிமிட வேலை. 14.6 முளைகளைப் பஞ்சுவிடம் அச்சடித்தும் வாங்கிவிட்டேன். சட்டைப் பையில் கிடக்கின்றன.

நான் கெட்டவன் இல்லை. அம்மாவைப் பிடிக்காமல் இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள் போன் பேசுகிறேன். ஆனால் அவள் கண்ணெதிரே தினம் எழுந்து, தினம் தின்று... ஒவ்வொரு நாளும் சோதனை. விவாகரத்து ஆனபோது எல்லோரும் ஏன் ஏன் என்று குடைந்தார்கள். அவள் ஒருத்திதான் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் பார்த்தாள். அந்தப் பார்வையைக் காலை மாலை தாங்க என்னால் ஆகாது.

பை கனக்கிறது. ஆளுக்கு ஒரு கிராம்கூட இல்லாத முளைகள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

நாசமாய்ப் போச்சு.

வரிசையாக எழுதுகிறேன். காலை பத்து மணி, அக்கா வீடு. சாப்பாட்டு மேசைமேல் பலகை. அக்கா பக்கத்தில் அவள் கணவர், கையைக் கட்டிக்கொண்டு. தம்பி எதற்கோ ஒரு சின்ன ஒலிபெருக்கி கொண்டுவந்திருந்தான். அம்மா நடுவில் உட்கார்ந்தாள். நான் பையிலிருந்து எஃகுக் குண்டை எடுத்து நீட்டினேன்.

"அது வேண்டாம்," என்றாள்.

கைப்பையைத் திறந்தாள். பழைய வட்டத் தகர டப்பா. அதிலிருந்து சின்னதாக, கறுப்பாக ஒரு குண்டு.

"இது என்னம்மா?" என்றாள் அக்கா.

"ஈயக் குண்டு. ஒரு பழக்கடைக்காரன் தராசுத் தட்டுக்கு அடியில ஒட்டி வச்சிருந்தான். நான்தான் பிச்சு எடுத்தேன். கடைக்காரன் கல்லை வச்சுக் கடைக்காரன் தராசைச் சோதிக்கக் கூடாது. நம்ம கல்லை நாமதான் கொண்டு போகணும். வேலையில சேந்த முதல் நாள் சொல்லிக் கொடுத்தது."

"சரிதானே!" என்றான் தம்பி. "அண்ணா குண்டைவிட இது நியாயம்," என்றாள் அக்கா. அவள் அப்படித்தான், என்னைத் தம்பிக்கு அண்ணா ஆக்கியே பேசுவாள்.

நான் என்ன சொல்வது? ஐயோ, பன்னிரண்டு மில்லிமீட்டர் பந்துக்குத்தான் நான் திருட்டுத்தனம் பண்ணியிருக்கேன், இதுக்குப் பண்ணலையேன்னா? வாயைத் திறந்தேன். மூடினேன்.

அம்மா குண்டைத் துளையில் விட்டாள். எஃகு மாதிரி அது துள்ளவே இல்லை. மண்ணாங்கட்டி மாதிரி ஒவ்வொரு கடையாகச் சரிந்து இறங்கியது. பழக்கடை, இறைச்சி, அரிசி, நகை. என் இரண்டு காவல்காரர்களுக்கும் நடுவே, இடித்துக்கொள்ளாமல், வீட்டுக்கு வருகிறவர்கள் மாதிரி உள்ளே வந்து உட்கார்ந்தது.

தம்பி ஒலிபெருக்கியில் கைதட்டல் போட்டான். அதற்குத்தான் கொண்டுவந்திருக்கிறான், கழுதை. அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "ஆறு மாசம்தான்டா மூடி. வருஷக் கடைசியில இதே பலகையில மறுபடி போட்டுக்கலாம்." ஜெயித்தவர்களுக்கு எவ்வளவு பெருந்தன்மை!

அம்மா குண்டைத் துடைத்து டப்பாவில் வைத்தாள். "ஜன்னல் இருக்கிற அறை எனக்கு," என்றாள்.

இருப்பதே இரண்டு அறை.

ஏப்ரல் 13, திங்கள்

மென்பொருளில் எட்டு மில்லிமீட்டர் ஈயக் குண்டு போட்டுப் பார்த்தேன். நடு: 784.

வெறும் துரதிர்ஷ்டம். அம்மாவின் பழைய பழக்கம் குறுக்கே வந்துவிட்டது. ஆயிரம் தடவை சோதித்தவன், ஆய்வாளர் தன் சொந்தக் கல்லோடு வருவாள் என்பதை மறந்துவிட்டேன். அவள் வயிற்றில் பிறந்துவிட்டு இதை மறக்கிறவன் எதைத்தான் உருப்படியாகச் செய்வான்?

மே 24, ஞாயிறு

வந்துவிட்டாள். ஒரு கட்டில், நான்கு பெட்டி, ஒரு தராசு. என் வீட்டில் தராசு!

ஜூன் 2, செவ்வாய்

இன்றைய சோதனையில் பிடிபட்டவை: தேதி முடிந்த சாஸ் புட்டி இரண்டு, ஜோடி இல்லாத காலுறை பதினான்கு, ஐந்து நிமிடம் பின்னால் ஓடும் கடிகாரம். எழுநூறு கிராம் என்று போட்டிருந்த ரொட்டி அறுநூற்று எழுபதுதான் இருந்தது. அம்மா கடைக்குப் போய்ச் சண்டை போட்டு இன்னொரு பொட்டலத்தோடு வந்தாள். ஒரு வார ரொட்டி கிடக்கிறது.

ஜூன் 16, செவ்வாய்

அவளுடைய மூட்டுவலி மாத்திரைப் புட்டியைத் திறக்க முடியாமல் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். மூடியைப் பார்த்தேன். நான் வரைந்தது. மூன்று வருடம் முன்னால், மேலாளர் முதுகில் தட்டிக் கொடுத்த மூடி.

"எந்தப் பாவி பண்ணினானோ," என்றாள்.

நான் சொல்லவில்லை. காதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். பிறகு கையைக் காட்டினாள். "அழுத்தித் திருப்பச் சொல்றான். அழுத்துற கட்டைவிரல்தான் எனக்கு வலிக்குது. ரெண்டு பக்கமும் கிள்ளிப் பிடிச்சுத் திருப்புற மாதிரி வச்சா ஆகாதா?"

இந்தப் பதினேழு வருடத்தில் ஒரு கிழவியின் கட்டைவிரலை நான் உட்கார்ந்து பார்த்ததே இல்லை. நாளைக்குப் பன்னிரண்டாவது திருத்தம் வரைய வேண்டும்.

ஜூன் 30, செவ்வாய்

மேலாளர் மூடியைத் திறந்துவிட்டார். மகளால் முடியவில்லையாம், கோபித்துக்கொண்டு சாப்பிடவில்லையாம். மகிழ்ச்சியில் அவருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் சொன்னேன். "எனக்குச் சம்பளத்துல பங்கு?" என்று கேட்டுவிட்டு அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் பாட்டுக்கு ஏதோ முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள், அது பாட்டு என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமானது.

ஜூலை 5, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது?

அம்மா பக்கத்து வீட்டுக்காரியோடு நடக்கப் போயிருந்தாள். தராசு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அடியில் வைக்க ஏதாவது அட்டை கிடைக்குமா என்று அவள் மேசை இழுப்பறையைத் திறந்தேன். அந்த வட்டத் தகர டப்பா. திறந்தேன். ஈயக் குண்டு. அதன் அடியில் நாலாக மடித்த தாள்.

அம்மாவின் கையெழுத்து. அலுவலகப் பாணி.

'நாள்: மார்ச் 29. இடம்: நடுமகன் வீடு. அவன் குண்டு, 40 முறை: நடு 1. என் குண்டு, 40 முறை: நடு 31. குறை: நடு வாசல் முளைகள் நெருக்கம். வேண்டுமென்றே செய்தது. நடவடிக்கை: அங்கேயே தங்கிக் கண்காணிப்பு.'

மார்ச் 29. பால் வாங்கப் போன அன்று.

அப்போதே தெரியும். நான் அவளை வேண்டாம்னு வச்சது அப்பவே தெரியும். தெரிஞ்சும் அக்கா வீட்டு மேசையில எல்லாருக்கும் முன்னாடி என்னைக் காட்டிக் கொடுக்கலை. தெரிஞ்சுதான் இங்க வந்தா. என்னத்துக்கு? வேண்டாம்னு சொன்ன ஒரே வீட்டுக்கு யாராவது வருவாங்களா?

தாளை மடித்து அதே மடிப்பில் வைத்தேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நாற்பத்து மூன்று வயதில். எண்பது முறை. ஒவ்வொரு முறையும் குனிந்து குண்டை எடுத்து, மேலே போட்டு, கோடு கிழித்து. அந்த முட்டியை வைத்துக்கொண்டு.

ஜூலை 6, திங்கள்

காலையில் தேநீர் குடிக்கும்போது கேட்டுவிட்டேன். தாளைப் பற்றி அல்ல. "அம்மா, உனக்கு உள்ளுக்குள்ள யார் வீட்டுக்குப் போகணும்னு இருந்துச்சு?"

"ஏன் கேக்கறே?"

"சும்மா."

"அக்கா வீட்டுல என்னை நோயாளி ஆக்கிடுவா. சின்னவன் வீட்டுல செவிடி ஆக்கிடுவான். இங்க பஸ் நிறுத்தம் கிட்ட இருக்கு." தேநீரை ஆற்றினாள். "அப்புறம் நீ வேற தனியா கிடந்தே. சட்டைமேல தட்டு."

"எனக்கு அதுதான் பிடிச்சிருந்துச்சு."

"பிடிச்சிருந்தா ஏண்டா வாரத்துக்கு ரெண்டு தடவை போன் பண்ணி ஒரு மணி நேரம் பேசாம இருந்தே?"

பேருந்தைத் தவறவிட்டேன்.

செப்டம்பர் 8, செவ்வாய்

கடிகாரம் சரியாக ஓடுகிறது. அதனால் தினமும் ஐந்து நிமிடம் முன்னதாக அலுவலகம் போய், பஞ்சுவோடு கத்திக்கொண்டிருக்கிறேன்.

நவம்பர் 15, ஞாயிறு

அக்கா போன். "வர்ற ஞாயித்துக்கிழமை பலகையை எடுத்துட்டு வா. ஆறு மாசம் ஆகப் போகுதில்ல? மூத்தவ நான் இருக்கும்போது அம்மா ரெண்டு அறை வீட்டுல கிடந்தா நாலு பேர் என்ன பேசுவாங்க?" அவள் பள்ளிக்கூடத்துச் சமையலறைத் தராசை அம்மா வந்து பார்க்க வேண்டுமாம். அது வேறு. தம்பியும் வரிசையில் நிற்கிறான். அவன் புது வீட்டில் காற்றோட்டம் இன்னும் நன்றாக இருக்கிறதாம்.

மார்ச் மாதத்தில் இவர்கள் எல்லாம் எங்கே போயிருந்தார்கள்?

அம்மாவிடம் சொன்னேன். "போடுங்க. நான் யாரையும் சொல்ல மாட்டேன்," என்றாள். அதே குரல்.

நவம்பர் 17, செவ்வாய்

வேலை முடிந்து வந்து, விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கணினியைத் திறந்தேன். பழைய ஃபைல். இறைச்சிக் கடைக்காரரின் மூக்கைப் பெரிதாக்கினேன்; அவள் அன்றே சொன்னது. அப்புறம் காவல்கார முளைகள் இரண்டையும் பிடித்து அகலமாக நகர்த்தினேன். பதினெட்டு. இருபத்தொன்று. பக்கத்து முளைகளும் ஆளுக்குக் கொஞ்சம் உள்ளே சாய்ந்து வழிகாட்டுகின்றன. ஆயிரம் தடவை போட்டேன்.

எஃகுக் குண்டு: நடு 941.

அடுத்து ஈயத்தைப் போட வேண்டும். விட்டம் எட்டு என்பது என் கண் அளவு. நான் அதை அளந்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

உள்ளறையிலிருந்து அம்மா கேட்டாள். "என்னடா வரையறே?"

"மூடிம்மா."

காதைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. இழுப்பறை திறக்கும் சத்தம், பிறகு செருப்புச் சத்தம். வந்து நின்றாள். திரையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. தகர டப்பாவைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எதுக்கும் சரியா அளந்துக்கோ," என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

8.2 இருந்தது. மாற்றிக்கொண்டேன்.